உள்ளே மாறலாம், வாக்கு மாறலாகாது



கணிப்பொறி பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகள் சிலவற்றில் ஒரு புதுமையைக் காணலாம். தேர்வுக்காகவும் அன்று, சம்பளத்திற்காகவும் அன்று. தம் மனநிறைவுக்காகவே சில பிள்ளைகள் சொந்தமாக ஒரு கணிப்பொறி மொழியைப் படைக்க முற்படுகின்றனர். இரவு வெகுநேரம் விளக்கை அணைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனையோ மகளையோ கண்டு, "உலகில் இருக்கும் மொழிகள் போதாவா? இதனால் என்ன பயன்?" என்று பெற்றோர் கவலை கொள்வது இயல்பே.

இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆய்வு நிலையம் ஒன்றில் பணிபுரிந்த கைடோ வான் ரோசம் என்பவர், ஓய்வு நேரத்திற்கு ஒரு வேலையாக இருக்கட்டுமே என்று ஒரு மொழியை எழுதத் தொடங்கினார். அதுவே 1991இல் வெளியிடப்பட்டு, இன்று பள்ளிக்கூடம் முதல் வங்கி வரை வழங்கும் பைத்தான் மொழி ஆகும். ஜப்பானில் யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993இல் தொடங்கிய ரூபி மொழியும் இவ்வாறு ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் பிறந்ததே. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் வகையில் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியும் ஆர்வத்தின் விளைவே.

எனவே விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எனினும், இம்மொழிகளைப் படைத்ததைக் காட்டிலும் பிற்காலத்தில் அவற்றைச் செப்பனிட்ட வரலாற்றிலேயே நமக்குப் படிப்பினை மிகுதி. பலர் நம்பிப் பயன்படுத்தும் ஒன்றை, அவர்களுக்கு இடையூறு நேராமல், உள்ளே முழுமையாக மாற்றியமைப்பது எப்படி? இதுவே இம்மாதம் நாம் சிந்திக்கப்போகும் பொருளாகும்.

வாசிப்பவரும் செய்பவரும்

கணிப்பொறி மொழி ஒன்றின் உள்ளே இரு பணியாளர்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாமவர் வாசிப்பவர். நாம் எழுதிய வரியைச் சொல் சொல்லாகப் பிரித்து, எச்சொல் எதனோடு சேரும் என்று பொருள் கூட்டித் தருவது அவர் வேலை. நம் புலவர்கள் செய்யுளைப் பதம் பிரித்துக் கொண்டுகூட்டுவதைப் போன்றது இது. இவரைப் பார்சர் என்பர். இரண்டாமவர் செய்பவர். முதலாமவர் கூட்டித் தந்த பொருளை வாங்கி, அதன்படி கணக்கிட்டோ அச்சிட்டோ காரியத்தை முடிப்பார். இவரை இன்டர்பிரிட்டர் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கடைத் தொழிலாளி ஒருவருக்கு நாட்கூலி 200 ரூபாய். கூடுதலாக 3 மணி நேரம் உழைத்தார். மணிக்கு 40 ரூபாய். இதனை '200 + 3 × 40' என்று எழுதுகிறோம். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்னும் விதியை அறிந்த பார்சர், மூன்றையும் நாற்பதையும் ஒரு கிளையாகவும், அதனுடன் இருநூற்றைச் சேர்ப்பதை அதன் மேல் கிளையாகவும் அமைத்து, ஒரு மரம்போல் வரைந்து தரும். இன்டர்பிரிட்டர் அம்மரத்தின் நுனியிலிருந்து கணக்கிட்டு 320 என்று விடை கூறும். இவ்விதியை அறியாமல் இடமிருந்து வலமாகவே வாசித்தால் விடை 8,120 ஆகிவிடும்! வாசிப்பில் நேரும் சிறு பிழை ஒரு கடையின் கல்லாவையே கவிழ்த்துவிடும் என்பதை இதனால் அறியலாம்.

ஆர்வத்தில் மொழி படைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தொடக்கத்தில் இவ்விரு பணியாளர்களையும் ஒருவராகவே ஆக்கிவிடுகின்றனர். வாசிக்க வாசிக்கவே செய்து முடிப்பது எளிதாகத் தோன்றும். இரண்டே நாளில் கூட்டலும் கழித்தலும் நடந்துவிடும். ஆனால் மொழி வளர வளர அதன் தீங்கு வெளிப்படும்.

கல்யாண வீட்டில் பண்டாரி ஒருவர், சமையல் குறிப்பை வாசித்துக்கொண்டே அக்கணமே தேக்சாவில் எல்லாவற்றையும் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆட்டிறைச்சி கிடைத்தால் அதனைச் சேர்க்கவும், கிடைக்காவிடில் கோழியைச் சேர்க்கவும்" என்று எழுதியிருக்கிறது. வாசிப்பதும் செய்வதும் ஒன்றேயானால் இரண்டும் தேக்சாவில் விழுந்துவிடும். அதைத் தடுக்க, "இந்த வரியை வாசி, ஆனால் செய்யாதே" என்று ஒவ்வோர் இடத்திலும் தனி எச்சரிக்கை எழுத வேண்டியதாகிறது. "இவ்வாறு ஆயிரம் முறை செய்" என்ற கட்டளை வந்தாலோ, அதே வரியை ஆயிரம் முறை வாசித்துப் பொருள் கூட்ட வேண்டியதாகிறது. ஆறு மாதத்தில் நிரல் முழுவதும் ஒட்டுப்போட்ட துணி ஆகிவிடும். எங்கே தொட்டாலும் வேறெங்கோ கிழியும்.

இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா?

இந்நிலையில் இளைஞர் மனத்தில் எழும் முதல் எண்ணம், அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்பதே. அனுபவமுடையோர் இதனை எளிதில் ஏற்பதில்லை. காரணம் யாது? பழைய நிரலின் ஒவ்வோர் ஒட்டும் என்றோ ஒரு நாள் நேர்ந்த உண்மையான இடரைத் தீர்க்க இடப்பட்டது. அதை எறிந்துவிட்டால், அந்த இடரைப் பற்றிய அறிவும் உடன் போய்விடுகிறது. புதிய நிரலில் அதே இடர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்.

மாற்று வழிக்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். 1992இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் தம் முனைவர் பட்ட ஆய்வை இப்பொருளில் எழுதினார். 1999இல் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பியது. இதன் சாரம், வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் உள் அமைப்பை மட்டும் சிறு சிறு படிகளாகச் சீர்படுத்துவது. குடியிருந்துகொண்டே வீட்டைச் செப்பனிடுவதைப் போன்றது இது. ஒரு நாளும் அடுப்பு அணையக் கூடாது. ஒரு நாளும் கூரை இல்லாமல் இருக்கக் கூடாது.

முதலில் எழுதி வைக்க வேண்டியது

சீர்படுத்தத் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் அதுவே அடித்தளம். இம்மொழி இன்று என்ன செய்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். நூறோ இருநூறோ சிறு நிரல்கள்; ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடை. சரியான நிரல்கள் மட்டுமின்றி, தவறான நிரல்களுக்கு எவ்வகையான பிழைச்செய்தி வர வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருத்தல் வேண்டும். இவற்றைச் சோதனைகள் என்பர். ஒரு கட்டளையில் அத்தனையும் ஓடி, எது மாறியது என்று காட்டிவிடும்படி அமைத்துக்கொள்வது வழக்கம்.

இதன் அருமையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். '10 - 4 - 3' என்பதற்கு விடை 3. பார்சரைத் திருத்தி எழுதுவோர் பலர், "ஒரு கணக்கு என்பது ஓர் எண், ஒரு கழித்தல் குறி, அதன்பின் மற்றொரு கணக்கு" என்று இலக்கணம் வகுத்துவிடுகின்றனர். படிக்கும்போது சரியாகவே தோன்றும். ஆனால் அது வலப்புறத்தை முதலில் கூட்டிவிடும். நான்கிலிருந்து மூன்றைக் கழித்து ஒன்று. பத்திலிருந்து ஒன்றைக் கழித்து ஒன்பது! கூட்டலில் இப்பிழை தெரியாது. எப்புறம் தொடங்கினும் கூட்டுத்தொகை ஒன்றே அன்றோ? கழித்தலில்தான் வெளிப்படும். மாறாக, அடுக்கு எண்களைப் பெரும்பாலான மொழிகள் வலப்புறமிருந்தே தொடங்குகின்றன. இரண்டின் மேல் மூன்று, அதன் மேல் இரண்டு என்று அடுக்கினால் பைத்தான் 512 என்று கூறும். இடப்புறமிருந்து தொடங்கினால் 64 ஆகிவிடும். கண்ணால் பார்த்து எவரும் இவற்றை எல்லாம் நினைவில் வைத்திருக்க இயலாது. எழுதி வைத்த சோதனை மறப்பதில்லை.

அதன்பின் படிப்படியாக இறங்கலாம். எழுத்துக்களைச் சொற்களாகப் பிரிக்கும் வேலையை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். சோதனைகளை ஓட்ட வேண்டும். அடுத்து, பார்சர் எதையும் செய்யாமல் மரத்தை மட்டும் தருமாறு மாற்ற வேண்டும், மீண்டும் சோதனை. பிறகு, இன்டர்பிரிட்டர் எழுத்தையே பார்க்காமல் மரத்தை மட்டும் வாங்கிச் செயற்படுமாறு அமைக்க வேண்டும், மீண்டும் சோதனை. ஒவ்வொரு படியையும் கிட் போன்ற பதிவேட்டில் சேமித்துக்கொண்டால், தவறு நேரும்போது ஒரே ஒரு படி பின்வாங்கினால் போதும்.

இடையில், "இந்த நடத்தையே தவறாக இருக்கிறதே, இதையும் சேர்த்துத் திருத்திவிடலாமே" என்ற ஆசை எழும். அதனை அடக்கிக்கொள்ள வேண்டும். கென்ட் பெக் என்னும் அறிஞர் இதற்கு இரண்டு தொப்பிகள் என்ற உவமையைக் கூறினார். சீர்படுத்தும்போது ஒரு தொப்பி. புதியது சேர்க்கும்போது வேறு தொப்பி. இரண்டையும் ஒரே வேளையில் அணிந்தால், விடை மாறும்போது அது நாம் விரும்பிய மாற்றமா, நேர்ந்துவிட்ட பிழையா என்று பிரித்தறிய முடியாமற் போய்விடும்.

உலகம் அறியாமல் நடந்த ஒரு மாற்றம்

இவையெல்லாம் சிறு பிள்ளைகளின் சிறு மொழிக்குத்தானே என்று எண்ணிவிட வேண்டாம். பைத்தானின் கதையைக் கேளுங்கள்.

விடுமுறையில் பிறந்த அம்மொழிக்கு வான் ரோசம் அன்று அமைத்த பார்சர் மிக எளியது. அடுத்து வரும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்கும். சிறிய நினைவகம் கொண்ட அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது ஏற்றதே. ஆனால் அந்த ஒற்றைச் சொல் பார்வை பிற்காலத்தில் இடையூறாயிற்று. ஒரு வரி 'தொகை' என்ற பெயருடன் தொடங்கினால், அதன் மதிப்பைக் கேட்கிறோமா, அதில் புதிய மதிப்பை இடப்போகிறோமா என்பது அச்சொல்லைக் கொண்டு மட்டும் தெரியாது. பின்னால் சமக்குறி வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஆகவே இலக்கணத்தில் எதையும் அனுமதித்துவிட்டு, பொருந்தாதவற்றைப் பின்னர் வேறோர் இடத்தில் தள்ளுபடி செய்தனர். இடப்புறமாகத் தொடரும் கணக்குகளையும் இலக்கணத்தில் நேரடியாக எழுத இயலவில்லை. எனவே முதலில் ஒரு மரம், அதைச் செப்பம் செய்து இன்னொரு மரம் என இரட்டை வேலை ஆயிற்று. ஒட்டுக்கள் பெருகின.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2020இல், வான் ரோசம் அவர்களே, பாப்லோ காலிண்டோ, லிசாண்ட்ரோஸ் நிகொலாவ் ஆகிய இருவருடன் சேர்ந்து, தாம் முதன்முதல் எழுதிய அப்பகுதியை மாற்றிப் புதிய பார்சரை முன்வைத்தார். எவ்வளவு புகழ்பெற்றவராயினும் அவர், "என் சொல்லை நம்புங்கள்" என்று கூறிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பைத்தானுடன் வரும் நூலகம் முழுவதையும் பழைய பார்சருக்கும் புதிய பார்சருக்கும் கொடுத்து, இரண்டும் தரும் மரங்களைக் கிளைக்குக் கிளை ஒப்பிட்டுப் பார்த்தனர். பின்னர், மக்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் ஏறத்தாழ 3,800 நிரல் தொகுப்புகளையும் அவ்வாறே புதிய பார்சரிடம் கொடுத்துச் சோதித்தனர். விளைவு சுவையானது. புதியதில் சில பிழைகள் அகப்பட்டன. பழையதிலும் பிழைகள் அகப்பட்டன! வரி எண்களையும் இட எண்களையும் பழைய பார்சர் சில இடங்களில் தவறாகக் குறித்து வந்திருந்தது. ஒப்பிட்டபோதுதான் அது வெளிப்பட்டது. வேகத்திலும் நினைவகச் செலவிலும் புதியது பழையதினின்று பத்து விழுக்காட்டிற்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டனர்.

2020 அக்டோபரில் வெளிவந்த 3.9 பதிப்பில் புதிய பார்சர் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பழையதை உடனே தூக்கி எறியவில்லை. யாருக்கேனும் இடர் நேர்ந்தால் ஒரு கட்டளையால் பழையதற்கே திரும்பலாம் என வழி திறந்து வைத்தனர். ஓராண்டு கழித்து 2021இல் வந்த 3.10 பதிப்பில்தான் பழைய பார்சர் நீக்கப்பட்டது. அதன் பிறகே பயன்கள் கனியத் தொடங்கின. திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை என்பதை இடம் சுட்டிச் சொல்லும் தெளிவான பிழைச்செய்திகளும், பழைய இலக்கணத்தில் எழுத இயலாதிருந்த புதிய தொடர்களும் அப்பதிப்பில் வந்தன. முதலில் சீர், பின்னர் புதுமை. இதுவே அவர்கள் கடைப்பிடித்த வரிசை.

இத்தனை பெரிய மாற்றம் நடந்தபோது உலகில் எத்தனை பேர் அதை உணர்ந்தார்கள்? பெரும்பாலோர் உணரவே இல்லை. அதுவே அப்பணியின் வெற்றி!

வாக்கு மாறியபோது நேர்ந்தது

இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே மொழிக்கு உண்டு. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளிவந்தபோது, உள் அமைப்பு மட்டுமன்றி, வெளியே தெரியும் நடத்தையும் மாற்றப்பட்டது. முழு எண்களான ஏழை இரண்டால் வகுத்தால் முன்பு 3 என்று கூறிய மொழி, இப்போது 3.5 என்று கூறிற்று. அச்சிடும் கட்டளையை எழுதும் முறையும் மாறிற்று. இம்மாற்றங்களுக்குத் தக்க காரணங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய முறையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் திருத்தப்பட வேண்டியதாயின. பழைய பைத்தான் 2க்கு 2015இல் விடைகொடுக்க எண்ணியவர்கள், மக்கள் மாறிவர இயலாததைக் கண்டு, 2020 ஜனவரி முதல் நாள் வரை தவணை நீட்டித்தனர். பதினொரு ஆண்டுகளுக்கு மேல் இரு மொழிகளாக அது வாழ நேர்ந்தது.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு வகுத்தலின் விடையும் ஓர் அச்சுக் கட்டளையும் மாறியமை இத்தனை ஆண்டுச் சிரமத்தில் பங்கு கொண்டது. மொழியின் வாசிப்பு இயந்திரம் முழுவதையும் கழற்றி மாற்றியதோ பெரும்பாலோரை வருத்தவில்லை. மாற்றத்தின் அளவு அன்று, வாக்கு காக்கப்பட்டதா என்பதே இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு.

ரூபி மொழியும் இவ்வழியில் நடந்தது. 1.8 பதிப்பு வரை அதன் இன்டர்பிரிட்டர் மரத்தின் கிளைகளில் ஏறி இறங்கியே வேலை செய்தது. கொயிச்சி சசாடா உருவாக்கிய புதிய அமைப்பு, மரத்தை முதலில் சிறு கட்டளைகளின் வரிசையாக மாற்றிக்கொண்டு விரைந்து செயற்படும். 2007இல் 1.9 பதிப்பில் அது இடம்பெற்றது. பத்தாயிரம் வரிகளுக்கும் மேற்பட்ட பழைய பார்சர் கோப்பு அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. 2024 டிசம்பரில் வந்த 3.4 பதிப்பில்தான் 'பிரிஸம்' என்னும் புதிய பார்சர் இயல்பான பார்சர் ஆயிற்று. அங்கும், பழையதற்குத் திரும்பும் வழியைத் திறந்தே வைத்தனர்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

மொழி படைக்கும் இளைஞர்களே! உங்கள் மொழியை இன்று பயன்படுத்துவோர் இருவரோ மூவரோ இருக்கலாம். உங்கள் நண்பர் தம் கடைக்கணக்கை அதில் எழுதியிருக்கலாம். அந்த ஒருவருடைய கணக்கும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. உள்ளே உள்ள நிரல் அழகற்றிருப்பது உங்கள் வருத்தம். மாதக் கடைசியில் கூலிக்கணக்கு பிழையாவது அவர் வருத்தம். முன்னதைத் தீர்க்கப் பின்னதை உண்டாக்கலாகாது. சோதனைகளை எழுதுங்கள், சிறிது சிறிதாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள், திரும்பும் வழியை மூடிவிடாதீர்கள். வெளி நடத்தையை மாற்றியே ஆக வேண்டுமெனில், அதனைத் தனியே, முன்னறிவித்து, தவணை கொடுத்துச் செய்யுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பல வாரங்களாக உழைத்தும் திரையில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை எனில், "வேலை ஏதும் நடக்கவில்லையே" என்று கடிந்துகொள்ளாதீர்கள். எதுவும் மாறியதாகத் தெரியாமல் இருப்பதே அவ்வேலையின் நோக்கமாக இருக்கலாம். "இதை மாற்றுமுன் என்ன எழுதி வைத்தாய்? மாற்றியபின் எதனோடு ஒப்பிட்டாய்?" என்று கேளுங்கள். கணிப்பொறி அறியாத தாயும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. அவற்றிற்குத் தெளிவாக விடை கூறும் பிள்ளையின் கையில், நாளை பிறருடைய கணக்குகளை நம்பி ஒப்படைக்கலாம்.